போர்வை குடுக்கறவங்க ஒரு குல்லாவும் சேர்த்து குடுங்க

ஆசிரியர் ஐயா அவங்களுக்கு வணக்கம்.

தேன்கனிக்கோட்டை தாலுக்கால காட்டோரமா இருக்கற ஒரு சின்ன ஊர்ல இருந்து எழுதறேன். பகல்ல டெய்லர் வேலை, ஐப்பசி கடைசில இருந்து தை முடியற வரைக்கும் ராத்திரில ராகி காவல். ஒண்ணேகால் ஏக்கர் மானாவாரி, கொல்லை ஓரத்துல ஒரு பெரிய புளியமரம், அதுல பரண் கட்டி வெச்சிருக்கேன், மேல மட்டும் கூரை, பக்கவாட்டுல ஒண்ணும் கிடையாது, ஏன்னா பக்கத்துல அடைச்சிட்டா யானை வர்றது தெரியாது. 23 வருஷமா பனிக்காலம் பூரா அங்கதான் படுக்கை. அதனால இந்த விஷயத்துல எனக்கு பேச கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனச்சு எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

கொஞ்ச நாள் முன்னாடி உங்க பேப்பர்ல பனிக்காலத்துல உடம்ப எப்படி பாத்துக்கறதுன்னு ஒரு பெட்டிச் செய்தி வந்துது. நல்ல மனசுலதான் போட்டிருக்கீங்க, அதுல குறை இல்ல. ஆனா அதுல ஒடம்பு சூட்டுல பாதி தலை வழியா போயிடும், வெளிய படுக்கறவங்க நல்லா தலைல துண்ட இறுக்கி கட்டிக்கினு, போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்து மூடிக்கினு படுங்கன்னு இருந்துது. இத எங்க ஊர் டீக்கடைல ஒருத்தர் சத்தமா படிச்சாரு, எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு அங்கயே சொல்லணும்னு இருந்துது, பாதின்றதும் சரியில்ல, துண்டுன்றதும் சரியில்ல, மூஞ்ச மூடறது அதவிட சரியில்ல.

முதல்ல எங்க பக்கத்து குளிர பத்தி சொல்லிடறேன். கீழ சேலம், திருப்பத்தூர்ல இருக்கறவங்க தமிழ்நாட்டுல என்னய்யா பெரிய குளிருன்னு கேப்பாங்க. தர்மபுரி டவுன விட ஓசூர், தளி, ஜவளகிரி பக்கம் நல்ல மேடு, கடல் மட்டத்துல இருந்து 3,000 அடிக்கு கிட்ட. ஆயிரம் அடி மேல ஏற ஏற சுமாரா 2 டிகிரி கொறையும்னு சொல்லுவாங்க. தளிய வெள்ளக்காரன் லிட்டில் இங்கிலாந்துன்னு கூப்பிட்டது சும்மா இல்ல. மார்கழி, தை மாசத்துல வானம் மேகமே இல்லாம பளிச்சுனு நட்சத்திரமா இருந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி கொல்லும், ஏன்னா பூமில இருக்கற சூடெல்லாம் தடுக்க ஒண்ணும் இல்லாம நேரா மேல போயிடுது, மேகம் மூடினா போர்வை போத்தின மாதிரி. மரத்தடில படுக்கறவனுக்கும் வெட்டவெளில படுக்கறவனுக்கும் வித்தியாசம் இதுலதான் வருது. தைப்பனி தரைய துளைக்கும், மாசிப்பனி மச்ச துளைக்கும்னு பெரியவங்க சொன்னது வீட்டுக்குள்ள படுத்தவனுக்கு வெறும் பழமொழி, விடிகாலை நாலு மணிக்கு பரண் மேல உக்காந்திருக்கறவனுக்கு அது அப்படியே எலும்புல தெரியும்.

அந்த நேரத்துலதான் யானையும் வரும். கர்நாடகால பன்னார்கட்டா காட்டுல இருந்து தளி, ஜவளகிரி வழியா கூட்டமா வந்து தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு, சூளகிரி வரைக்கும் போகும், ராகி பால் புடிக்கற வாசம் அதுங்களுக்கு எப்படி தெரியுமோ. 2014ல இந்த பக்கத்து காட்டுல ஒரு பகுதிய காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம்னு அறிவிச்சாங்க, சந்தோஷம்தான், யானை இருக்கணும், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா கதிர் முத்தி அறுத்து போர் போட்டு களத்துல அடிச்சு மூட்டைய வீட்டுக்குள்ள கொண்டு வர்ற வரைக்கும் மனுஷன் வெளிய படுத்துத்தான் ஆகணும். நாங்க மட்டும் இல்ல, பட்டி போட்டு ஆட்டோட படுக்கறவங்க, ராயக்கோட்டை பக்கம் தக்காளி மண்டில லோடு வர்ற வரைக்கும் சாக்கு மேல சுருண்டு கெடக்கறவங்க, ஹைவேல லாரி கேபின்ல படுக்கறவங்க, வனத்துறைல யானை விரட்ட போற வாட்சருங்க, செங்கல் சூளைல குடும்பத்தோட இருக்கறவங்க, சிவராத்திரிக்கு மாதேஸ்வரமலைக்கு நடந்து போறவங்கன்னு கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு ஜில்லாவுல எத்தன பேரு.

இப்ப பாதி சூடு விஷயத்துக்கு வர்றேன். என் பொண்ணு நர்சிங் படிக்குது. செய்திய காட்டுனதும் அது சொல்லுச்சு, அப்பா இது உலகம் பூரா சுத்தற தப்பு, 2008லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ரெண்டு டாக்டருங்க இது உண்மை இல்லன்னு எழுதிட்டாங்கன்னு. தலைன்றது ஒடம்பு மேல்பரப்புல பத்துல ஒரு பங்குதான், சூடும் ஏறக்குறைய அந்த அளவுதான் போகும், பாதி போகாது. பின்ன எங்க இருந்து வந்துச்சு இந்த கதைன்னா, அமெரிக்கா ராணுவத்துல 1950 வாக்குல சிப்பாய்ங்களுக்கு ஒடம்பு பூரா குளிர் தாங்கற உடுப்ப மாட்டி, தலைய மட்டும் வெறுமனே விட்டு, குளிர்ல நிக்க வெச்சு அளந்தாங்களாம். ஒடம்பு பூரா மூடி தலை மட்டும் தெறந்திருந்தா சூடு தலை வழியாத்தான போகும், வேற வழி எங்க இருக்கு அதுக்கு.

இத கேட்டதும் எனக்கு சுருக்குனு பட்டுச்சு. நாங்க படுக்கறதே அப்படித்தான! கழுத்து வரைக்கும் கம்பளி, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அந்த சிப்பாய்ங்க நின்ன மாதிரியேதான் நாங்க படுத்துக்கினு இருக்கோம். அதனால பொதுவா சொன்னா பாதின்றது தப்பு, ஆனா கம்பளிக்குள்ள படுத்திருக்கறவனுக்கு தலைதான் தெறந்து கெடக்கற ஒரே கதவு. இன்னொண்ணும் பொண்ணு சொல்லுச்சு, கையும் காலும் குளிர்ந்தா ரத்தக்குழாய் சுருங்கி அங்க ரத்த ஓட்டத்த ஒடம்பே கொறச்சுக்கும், மண்டைத்தோல்ல அந்த அளவுக்கு சுருங்காது. அதோட மூஞ்சி, காது, பிடரி இதெல்லாம் குளிர் சீக்கிரம் உறைக்கற எடம், அங்க சில்லுனு அடிச்சா ஒடம்பு பூரா குளிர்ற மாதிரி இருக்கும், தூக்கம் வராது. தூக்கம் இல்லாதவன் மூணாவது நாள் பரண் மேல அசந்து போயிடுவான், அதுதான் ஆபத்து.

சரி, துண்டு ஏன் ஆகாது? நான் துணியோட புழங்கறவன், இத தெளிவா சொல்லணும். துணி சூடு குடுக்காது ஐயா, துணிக்குள்ள மாட்டிக்கினு இருக்கற காத்துதான் சூட்ட புடிச்சு வெக்குது. பருத்தித் துண்டு காஞ்சு இருக்கற வரைக்கும் சரி. பனி எறங்க ஆரம்பிச்சா அது தண்ணிய குடிச்சு குடிச்சு காத்து இருந்த எடமெல்லாம் தண்ணியாயிடும், அப்பறம் அது குளிர தடுக்கறத விட்டுட்டு தலைல இருக்கற சூட்ட உறிஞ்ச ஆரம்பிக்கும். விடிகாலைல எழுந்து துண்ட கழட்டி புழிஞ்சு பாருங்க, சொட்டும். எங்கப்பா அப்படி ஈரத்துண்டோடவே 30 வருஷம் காவல் காத்தாரு, காது வலின்னு ராத்திரி பூரா முனகுவாரு, நாங்க சின்ன பசங்க, என்ன செய்யறதுன்னு தெரியாது, உப்ப வறுத்து ஒத்தடம் குடுப்போம். இறுக்கி கட்டறது அதவிட மோசம், துணி நசுங்கி காத்து வெளிய போயிடும், தலைவலியும் வந்துடும்.

கம்பளின்னா வேற. ஆட்டு மயிர் தன் எடைல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஈரத்த உள்ள இழுத்துக்கினாலும் தொட்டா ஈரம் தெரியாது, சூடும் அவ்வளவா கொறையாது. அதனாலதான் நம்ம பெரியவங்க கருப்பு கம்பளிய மடிச்சு கொங்காடையா போட்டுக்கினு மழைலயும் பனிலயும் ஆடு மேய்ச்சாங்க. கம்பளியோட ரெண்டு மூலைல ஒண்ண இன்னொண்ணுக்குள்ள சொருகி தலைல கவுத்துக்கினா தலை, பிடரி, முதுகு மூணும் ஒரே துணில அடங்கிடும், தையலே கிடையாது. கொங்காடைன்னா என்னன்னு இப்ப இருக்கற பசங்களுக்கு தெரியாது, சாக்குல கூட போட்டுக்குவாங்கன்னு சொன்னா நம்ப மாட்டேன்றாங்க. சித்ரதுர்கா பக்கத்துல செல்லகெரெல நெய்யற கம்பளி முன்ன எல்லா வீட்லயும் ஒண்ணு இருக்கும், கல்யாணத்துக்கும் அதத்தான் விரிப்பாங்க. நம்ம மேச்சேரி ஆட்டுக்கு மயிர் கம்பளிக்கு ஆகாது, அது கறிக்கும் தோலுக்கும்தான், அதனால கம்பளி எப்பவும் அந்தப்பக்கம் இருந்துதான் வரணும். கைக்கு கிடைச்சா விடாதீங்க. ஒரே குறை, தலைல வெறுமனே போட்டா அரிக்கும், உள்ள பழைய பனியன் துணி ஒண்ண மெல்லிசா வெச்சுக்கினா போதும், அத தெனமும் மாத்திக்கணும்.

கடைல வாங்கற குல்லா விஷயத்துலதான் ஜனங்க ஏமாறறாங்க. நாலு வருஷம் முன்னாடி ஒரு டவுன் கடைல ப்யூர் ஊல்னு ஒட்டி இருந்துது, 350 ரூபா, நானே ஏமாந்தேன், துணி தெரிஞ்சவன்தான், ஆனா ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல பஞ்சு மாதிரி மெத்துனு இருந்துது வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஓரத்துல ஒரு நூல உருவி, கொறடால புடிச்சு, ஒரு தட்டு மேல வெச்சு நெருப்பு காட்டுனேன். கம்பளியா இருந்தா மயிர் கருகற நாத்தம் அடிக்கணும், மெதுவா கருகி நெருப்ப எடுத்தா தானே அணையணும், சாம்பல விரல்ல நசுக்குனா பொடியாகணும். இது என்னாச்சுன்னா குபுக்குனு புடிச்சு, கரும்புகை வந்து, உருகி, நுனில மிளகு மாதிரி கெட்டியா ஒரு உருண்டையாயி நின்னுடுச்சு, நசுக்குனா நசுங்கல. அக்ரிலிக். பருத்தியா இருந்தா காகிதம் எரியற வாசம் வரும். இந்த மூணு வாசமும் தெரிஞ்சா யாரும் உங்கள ஏமாத்த முடியாது, ஒரு நூல் போதும், ஆனா குல்லாவையே கொளுத்திடாதீங்க, பசங்கள கிட்ட விடாதீங்க.

அக்ரிலிக் மட்டமான துணின்னு சொல்ல மாட்டேன். லேசா இருக்கும், தோய்ச்சா சீக்கிரம் காயும், வெல கம்மி, லாரில படுக்கறவங்களுக்கு அது போதும். ஆனா நெருப்பு பக்கத்துல படுக்கறவங்களுக்கு ஆகாது, இத நான் பாத்ததால சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி தை மாசம், களத்துல போர் காவலுக்கு என் தம்பி மவன் வந்திருந்தான். கருவேலங்கட்டைய போட்டு குளிர் காய்ஞ்சுக்கினு இருந்தோம், அவன் அப்படியே பக்கத்துல சாஞ்சு தூங்கிட்டான். கட்டை வெடிச்சு ஒரு பொறி, ஒரே ஒரு பொறி, குண்டூசி தலை அளவுதான் இருக்கும், அவன் குல்லா மேல விழுந்துது. கம்பளியா இருந்தா கருகி நின்னிருக்கும். இது பொசுக்குனு உருகி ஓட்டையாயி காது மடல்ல ஒட்டிக்கிச்சு. பையன் அலறி எழுந்தான். நான் பதட்டத்துல இழுக்க போனேன், நல்ல வேளையா எங்க பெரியப்பா கைய தட்டி விட்டாரு, இழுத்தா தோலும் சேந்து வந்துடும்டா, தண்ணிய ஊத்துன்னாரு. குடத்து தண்ணிய ஊத்திக்கினே இருந்தோம், அப்பறம் காலைல ஆஸ்பத்திரிக்கு போனோம். இப்பவும் அந்த காதுல மொச்சக்கொட்டை அளவு தழும்பு இருக்கு. போன்ல பொண்ணும் அதத்தான் சொல்லுச்சு, உருகி ஒட்டுனத பிக்காதீங்க, பச்சத்தண்ணிய மட்டும் ஊத்துங்கன்னு.

இப்ப ப்ளீஸ்னு ஒரு துணி வருது, பாலியஸ்டர்தான், 1979ல அமெரிக்கால ஒரு மில்லுல செஞ்சது, இப்ப எல்லா எடத்துலயும் மீட்டர் கணக்குல கிடைக்குது. தண்ணிய குடிக்காது, உதறுனா பாதி காஞ்சிடும், எடையே தெரியாது, அரிக்காது. குறை ரெண்டு, காத்து நேரா உள்ள பூந்துடும், நெருப்பு பட்டா இதுவும் உருகும். பனி மட்டும் இருக்கற எடத்துக்கு ப்ளீஸ் நல்லது, காத்து அடிக்கற பரணுக்கு அது மட்டும் பத்தாது, மேல நெருக்கமா நெய்ஞ்ச துணி ஒண்ணு வேணும். சிலர் ரெயின்கோட் துணில குல்லா தெச்சு குடுன்னு கேக்கறாங்க, வேணாம்னு சொல்லிடறேன், தலை வேர்வை வெளிய போக வழி இல்லாம உள்ளயே நனைஞ்சு பனில நனைஞ்ச மாதிரியே ஆயிடும்.

இந்த எடத்துலதான் துண்டுக்கு வேலை. துண்ட குல்லாக்கு பதிலா கட்டாதீங்க, குல்லாக்கு மேல தளர்வா போட்டுக்கங்க. பனி துண்டு மேல எறங்கும், காத்தையும் கொஞ்சம் தடுக்கும், உள்ள குல்லா காஞ்சு இருக்கும், நடுராத்திரில துண்டு நனைஞ்சா வேற துண்டு. தடியா ஒரு குல்லா போடறத விட மெல்லிசா ரெண்டு போடறதுதான் எப்பவும் நல்லது, நடுவுல ஒரு காத்து அடுக்கு கிடைக்கும், புழுங்குனா ஒண்ண கழட்டலாம்.

வடிவம்னு பாத்தா படுக்கறதுக்கு குரங்கு குல்லாதான் சரி, மங்கி கேப்னு சொல்றோமே அதுதான். 1854ல கிரிமியா சண்டைல பாலக்லாவான்ற ஊர் குளிர்ல கெடந்த இங்கிலாந்து சிப்பாய்ங்களுக்கு இந்த மாதிரி பின்னி அனுப்பினாங்கன்னும் அதனாலதான் இங்கிலீஷ்ல இதுக்கு அந்த ஊர் பேருன்னும் சொல்றாங்க. வட்டக் குல்லா நிக்கறவனுக்கு சரி, படுத்து ரெண்டு தடவ பொரண்டா கழண்டு தலமாட்டுல கெடக்கும், தூக்கத்துல தெரியாது. குரங்கு குல்லா தாடைக்கு கீழ வரைக்கும் வர்றதால கழலாது, பிடரியும் மூடும். வாங்கறப்ப உச்சில குஞ்சம் இருக்கற குல்லா வாங்காதீங்க, மல்லாந்து படுத்தா கல்லு மேல தலை வெச்ச மாதிரி உறுத்தும். பின்மண்டைல தடிச்ச தையல், பட்டன், பக்கிள் இதெல்லாம் கூடாது. போட்டுக்கினு ரெண்டு விரல உள்ள விட்டா நொழையணும், நெத்தில ரப்பர் தழும்பு விழுந்தா அளவு சின்னதுன்னு அர்த்தம். சின்ன பசங்களுக்கு கயிறு வெச்ச குல்லா போட்டு தூங்க வெக்கவே வெக்காதீங்க, கழுத்துல சுத்திக்கும், சூளைல வேலை பாக்கற தாய்மாருங்களுக்கு இத யாராச்சும் எடுத்து சொல்லணும்.

இனி காது. எங்களுக்கு இதுதான் உயிர் போற விஷயம்.

யானை நடந்தா சத்தம் வராதுன்னு எத்தன பேருக்கு தெரியும்? அவ்வளவு பெரிய ஒடம்பு, பாதம் மெத்தை மாதிரி, பத்தடி கிட்ட வந்தா கூட அடி சத்தம் கேக்காது. கேக்கறது வேற, ராகித்தட்ட வளைச்சு பிடுங்கறப்ப மளுக்குனு ஒரு சத்தம், வேர் மண்ண கால்ல தட்டி உதறற சத்தம், காத ஆட்டறப்ப மொறத்துல பொடைக்கற மாதிரி ஒரு தப் தப், வயித்துக்குள்ள இருந்து ஒரு உறுமல். இத்தனையும் தூக்கத்துலயே காதுல விழுந்தாகணும். ஒரு வருஷம் பனி தாங்க முடியாம ஓசூர்ல பஞ்சு வெச்சு தெச்ச, காதுக்கு ரோமத்துணி வெச்ச தடி குல்லா ஒண்ணு வாங்குனேன், பைக்ல போறவங்க போடறது. அருமையா சூடு, அன்னிக்கு மாதிரி நான் என்னிக்கும் தூங்கல. காலைல கண்ண முழிச்சு பாத்தா பரணுக்கு நேர் கீழ யானை சாணி ஆவி பறந்துக்கினு கெடக்குது, கிழக்கு பக்கம் கால் ஏக்கர் ராகி பாய் சுருட்டுன மாதிரி போயிருக்கு, நாலஞ்சு யானையாவது வந்து தின்னுட்டு புளியமரத்துல முதுகு சொறிஞ்சுட்டு போயிருக்கு. மரப்பட்டைல மண்ணு அப்பி இருந்துது, என் தலை உயரத்துக்கும் மேல. ஒண்ணும் ஆகல, ஆனா நடுவுல ஒண்ணுக்கு போக நான் எறங்கி இருந்தா? அன்னிக்கு இருந்து அந்த குல்லாவ வீட்டுக்கு வெளிய எடுத்துக்கினு போறதில்ல.

அப்பறம் யோசிச்சேன். குளிரும் போகக்கூடாது, சத்தமும் போகக்கூடாதுன்னா சத்தம் எதுல பூரும், எதுல பூராதுன்னு பாக்கணும். பின்னுன துணில சின்ன சின்ன கண்ணு இருக்கும், சத்தம் பூந்து வரும். பஞ்சு அடைச்ச துணி, ஸ்பாஞ்சு, ரோமத்துணி இதெல்லாம் சத்தத்த முழுங்கிடும். கடைல குல்லா போட்டு பாக்கறப்ப காதுக்கு பக்கத்துல கட்டவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ங்க, சரசரன்னு கேக்கணும், கேக்கலன்னா காவலுக்கு அது ஆகாது. நான் இப்ப ரெண்டு அடுக்குல தெக்கறேன், உள்ள ப்ளீஸ், வெளிய பின்னுன கம்பளி, பழைய கம்பளி ஸ்வெட்டர வெட்டி எடுத்தது, காது வர்ற எடத்துல மட்டும் உள் ப்ளீஸ அஞ்சு ரூபா காசு மூணு சேத்து வெச்ச அளவுக்கு வட்டமா வெட்டி எடுத்துடறேன். காதுக்கு நேரா ஒரே அடுக்கு, மத்த எடமெல்லாம் ரெண்டு. நெருப்பு பொறி விழுந்தாலும் வெளிய இருக்கறது கம்பளிதான். மூணு பனிக்காலமா அதத்தான் போடறேன், எங்க ஊர்ல பதினோரு பேருக்கு தெச்சு குடுத்திருக்கேன், வனத்துறை வாட்சர் ரெண்டு பேர் வந்து வாங்கிக்கினு போனாங்க.

மூஞ்ச மூடறதுக்கு வர்றேன். மூச்சுக்காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு கண்ணாடில ஊதுனா தெரியும். போர்வைக்குள்ள மூஞ்ச வெச்சு ராத்திரி பூரா மூச்சு விட்டா அந்த ஈரமெல்லாம் போர்வைலயும் குல்லாலயும்தான் தங்கும், மூணு மணிக்கு மேல எல்லாம் சொதசொதன்னு ஆயி குளிர் ரெண்டு பங்கா தெரியும். குரங்கு குல்லாவ வாய்க்கு கீழ எறக்கி விட்டு, மூக்கும் வாயும் வெளிய இருக்கற மாதிரி போடுங்க. மூக்கு நுனி சில்லுனு ஆயிட்டா மூஞ்சிக்கு மேல துண்ட கூடாரம் மாதிரி தூக்கி விடுங்க, மூக்குல படாம. அதோட இன்னொரு விஷயம், குளிர் தாங்கலன்னு கரி நெருப்ப சட்டில போட்டு சின்ன குடிசைக்குள்ளயோ லாரி கேபினுக்குள்ளயோ கதவ சாத்திக்கினு படுக்கறாங்க, அந்த கரில இருந்து கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும், வாசம் கிடையாது, நிறம் கிடையாது, தூங்கறவன் தூங்குன மாதிரியே போயிடுவான். தயவு செஞ்சு அத செய்யாதீங்க.

தலைக்கு எண்ணெய் வெச்சுக்கினு குல்லா போடறது எல்லாரும் செய்யறது. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா ஒறைஞ்சிடும், எங்க பக்கம் பனிக்காலத்துல பாட்டில்ல கல்லு மாதிரி நிக்கும். எண்ணெய் குல்லால எறங்கி நூலெல்லாம் ஒட்டிக்கிச்சுன்னா காத்து நிக்க எடம் ஏது? சாயங்காலம் எண்ணெய் வெக்காதீங்க, காலைல வெச்சுக்கங்க. வேலைக்கு போடற குல்லா வேற, படுக்கற குல்லா வேறன்னு ரெண்டு வெச்சுக்கங்க, பகல் வேர்வை ஊறுனத ராத்திரி போட்டா பிரயோஜனம் இல்ல. காலைல வெயில்ல உதறி போடுங்க. கம்பளிய வெந்நீர்ல தோய்ச்சா சுருங்கி பொம்மைக்கு போடற அளவுக்கு ஆயிடும், பச்சத்தண்ணி, முறுக்காம அமுக்கி புழிஞ்சு, நெழல்ல பாய் மேல பரப்பி காய வெக்கணும். ஒருத்தர் குல்லாவ இன்னொருத்தர் போடறது வேணாம், பேனு.

ஆசிரியர் ஐயா, இவ்வளவு எழுதுனதுக்கு காரணம் ஒண்ணுதான். வருஷா வருஷம் மார்கழி வந்தா நல்ல மனசுக்காரங்க பஸ் ஸ்டாண்டுல, கோயில் வாசல்ல, ரோட்டோரத்துல படுக்கறவங்களுக்கு போர்வை குடுக்கறாங்க, போட்டோ உங்க பேப்பர்ல வருது, பாத்தா மனசு நெறையுது. ஆனா இத்தன வருஷத்துல ஒரு போட்டோல கூட யாரும் குல்லா குடுத்து நான் பாக்கல. போர்வை வாங்கற காசுல ஒரு பங்கு போதும். கழுத்து வரைக்கும் மூடி விட்டுட்டு தலைய வெறுமனே விட்டா அந்த போர்வை பாதி வேலைதான் செய்யும். போர்வைய பகல்ல எங்க வெக்கறதுன்னு தெரியாம தொலைச்சுடறாங்க, குல்லா மடிச்சா சட்டைப் பைக்குள்ள போயிடும். வனத்துறைல ராத்திரி வேலைக்கு போற வாட்சருங்களுக்கு டார்ச், பட்டாசு குடுக்கற மாதிரி காது கேக்கற குல்லா ஒண்ணும் குடுக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். சூளை வெச்சிருக்கறவங்க, மண்டிக்காரங்க, உங்க ஆளுங்களுக்கு நீங்களே வாங்கி குடுங்க, 150, 200 ரூபாய்க்கு மேல ஆகாது.

தெக்கறவங்க யாராச்சும் இத படிச்சா அளவு சொல்லிடறேன். தலை சுத்தளவு 22 இஞ்ச் இருந்தா ப்ளீஸ 21க்கு வெட்டுங்க, துணியோட இழுவை சுத்துவாக்குல வரணும், மேலும் கீழும் இழுக்கற மாதிரி வெச்சா கண்ணு மேல எறங்கிடும். வெளித்துணிய 22ன்னே விடுங்க, ரெண்டும் ஒரே அளவா இருந்தா நடுவுல காத்து நிக்காது. நெத்தில இருந்து உச்சி வழியா பிடரி கீழ வரைக்கும் டேப்ப வெச்சு அளந்து ஒரு இஞ்ச் கூட விடுங்க. தையல் மடிப்ப வெளிப்பக்கமா வெச்சு அமுக்கித் தைங்க, மண்டைல உறுத்தாது. காது எடத்த ஆள உக்கார வெச்சு சாக்பீஸ்ல குறிச்சுக்கினுதான் வெட்டணும், ஒவ்வொருத்தருக்கும் காது ஒவ்வொரு எடத்துல இருக்குது.

இப்படிக்கு,
ஒரு டெய்லர்,
தேன்கனிக்கோட்டை தாலுக்கா,
கிருஷ்ணகிரி மாவட்டம்.